டப்பாவுக்குள் நடந்தது

எங்கள் மாவட்டத்தில் கேன்சரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது கடைசியில் மணவாளக்குறிச்சி மணலில் போய்த்தான் நிற்கும். கல்யாண வீடு, துஷ்டி வீடு, பஸ் ஸ்டாண்டு, எங்கேயானாலும் இதே கதை. கடற்கரை மணலில் மோனசைட், மோனசைட்டில் தோரியம், அதிலிருந்து கதிர்வீச்சு, அதனால்தான் குமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு நோயாளி என்று யாராவது ஒருத்தர் முடித்துவைப்பார். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல வருஷம் தொடர்ந்து கணக்கெடுத்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. அதைச் சொன்னால் நம்மை மணல் கம்பெனி ஆள் என்பார்கள். இருக்கட்டும், மணலைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. நோய் எதனால் வந்தது என்று பேச இத்தனை பேர் இருக்கும் ஊரில், வந்திருப்பது எந்த வகை என்று கேட்க ஆள் இல்லையே என்பதுதான் கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைகிறது. "எந்த ஸ்டேஜ்?" என்று கேட்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் மைனிக்கு 58 வயது. குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர், வீட்டைச் சுற்றி வாழை. இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்துவிட்டு "அதுதான்" என்று சொன்னதும், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மார்பை முழுசாக எடுத்தார்கள். எடுத்ததை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பேர் எழுதிய சீட்டை ஒட்டி, அண்ணன் கையில் கொடுத்து லேபில் சேர்க்கச் சொன்னார்கள். இதில் புதுசாக ஒன்றுமில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்ற குடும்பங்களில் பாதிக்கு இந்த டப்பாவைத் தெரியும். அன்று டிசம்பர் 2. மறுநாள் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அண்ணன் போய்ச் சேருவதற்குள் லேபைப் பூட்டிவிட்டார்கள். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, பேரப்பிள்ளைகள் கை எட்டாத இடமாக விறகுப்புரையில் உயர்த்தி வைத்து, நாலாம் தேதி காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ரிப்போர்ட் வந்தது. கட்டி கிரேடு 1, அக்குளில் ஒரு நெறியில், அதாவது நிணநீர்க் கணுவில், நோய் பரவியிருக்கிறது. கூடவே இன்னொரு தாள்: இ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்-2 1+. முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களைக் கட்டி பிடித்துக்கொள்ளுமா என்று பார்ப்பது, மூன்றாவது கட்டியின் செல்மேல் இருக்கும் ஒரு புரதத்தைப் பார்ப்பது. ஹெர்-2வில் 1+ என்றாலும் கணக்குக்கு நெகட்டிவ்தான். அண்ணன் மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டான். ட்ரிப்பிள் நெகட்டிவ். மார்புப் புற்றிலேயே பொல்லாதது, மாத்திரை கிடையாது, கீமோதான் கதி என்று வரிசையாகப் போட்டிருந்தது. "நெகட்டிவ்னா நல்லதுதான?" என்று மைனி கேட்டாள். மற்ற எல்லா டெஸ்டிலும் அப்படித்தானே.

ஒருத்திக்குக் கேட்கும், ஒருத்திக்குக் கேட்காது

1896இல் ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் லான்செட் இதழில் ஒரு விசித்திரமான செய்தி எழுதினார். கன்று போட்ட மாட்டின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் சுரக்கும் என்று சில ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. மார்புக்கும் சினைப்பைக்கும் ஏதோ தொடுப்பு இருக்கிறது என்று அவர் அதிலிருந்து பிடித்துக்கொண்டு, மார்புப் புற்று முற்றிய பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுத்துப் பார்த்தார். கட்டி கரைந்தது. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது, அது 1905இல்தான் வருகிறது. ஆனால் மற்ற டாக்டர்களும் இதைச் செய்து பார்த்தபோது ஏறக்குறைய மூன்று பேரில் ஒருத்திக்குத்தான் கேட்டது. மற்ற இரண்டு பேருக்கும் வயிற்றைக் கிழித்ததுதான் மிச்சம். யாருக்குக் கேட்கும் என்று கத்தி வைப்பதற்கு முன்னால் சொல்ல வழியே இல்லை. அப்படியே அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

வழி சிகாகோவிலிருந்து வந்தது. எல்வுட் ஜென்சன் 1950களின் கடைசியில், கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை எலிக்குக் கொடுத்து, அது உடம்பில் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தார். மற்ற இடங்களில் வந்த வேகத்தில் வெளியேறிய ஈஸ்ட்ரோஜன், கருப்பை மாதிரியான இடங்களில் மட்டும் தங்கிவிட்டது. அங்கே அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு புரதம் இருந்தது. அதைத்தான் ஏற்பி என்கிறோம், டாக்டர்கள் ரிசெப்டர் என்பார்கள். ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் என்பதன் சுருக்கம்தான் இ.ஆர். பிறகு மார்புக் கட்டிகளிலும் அதைத் தேடி, ஏற்பி உள்ள கட்டிதான் ஹார்மோன் வைத்தியத்துக்குக் கேட்கும் என்று காட்டினார். அந்தக் காலத்தில் இந்தச் சோதனைக்கு வெட்டி எடுத்த சதையை உடனே உறையவைத்தாக வேண்டும். ஏற்பியில் போய் ஒட்டுகிற ஆன்டிபாடிகள் கிடைத்த பிறகுதான் மெழுகில் பதித்த துண்டைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, நிறமேற்றிப் பார்க்க முடிந்தது. இன்றைக்கு எல்லா ஊரிலும் நடப்பது இந்த முறைதான்.

இதற்கிடையில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியில் 1962இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் கருத்தடை மாத்திரைக்கென்று ஒரு பொருளைச் செய்திருந்தார். எலியில் கருவைத் தடுத்தது. பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டையைத் தூண்டிவிட்டது. கருத்தடைக்கு உதவாத அந்தப் பொருள்தான் டாமோக்சிபென். ஏற்பியில், கட்டியை வளர்க்கிற ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்பி உள்ள பெண்கள் இதை ஐந்து வருஷம் சாப்பிட்டால் மார்புப் புற்றால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று உலகம் முழுக்கச் சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். ஏற்பி இல்லாதவர்கள் இதையே ஐந்து வருஷம் விழுங்கினாலும் சொல்லிக்கொள்ளும்படி பலன் கிடையாது. ஆகவே மைனி கையில் இருந்த தாளில் இ.ஆர். என்ற அந்த ஒற்றை வரி ஐந்து வருஷ வைத்தியத்தை உண்டு அல்லது இல்லை என்று தீர்க்கிற வரி. அந்த வரிக்கு எதிரே சதவீதம் இல்லை, நிறம் எவ்வளவு அடர்த்தி என்று இல்லை. வெறுமனே 'நெகட்டிவ்'.

நீலமும் பழுப்பும்

நோய் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் திருவனந்தபுரம்தான். 1956 வரை திருவிதாங்கூரோடு கிடந்த ஊர், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 1981இல் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கே வந்த பிறகு கேட்கவே வேண்டாம், நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் கையில் பெரிய பழுப்புக் கவரோடு ஏறுகிறவர்களை வைத்தே யார் எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். கீமோ தொடங்குவதற்கு முன்னால் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்று போனோம். அவர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, ஸ்லைடும் பிளாக்கும் வேண்டும் என்றார். பிளாக்கை நம்மிடம் தருவார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். லேபில் கேட்டதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதற்குள் மெழுகு, மெழுகுக்குள் வெளிறிப்போன மைனியின் சதை.

சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற பேத்தாலஜி டாக்டரை நோயாளி வீட்டார் நேரில் பார்ப்பது அபூர்வம். அவர்கள் எங்கோ உள்ளறையில் இருப்பார்கள், நமக்கு வருவது கையெழுத்து மட்டும். திருவனந்தபுரத்தில் இருந்த பேத்தாலஜி டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மலையாளம் கலந்த தமிழில் கேள்விமேல் கேள்வி. எத்தனை மணிக்கு ஆபரேஷன், எத்தனை மணிக்குத் தண்ணீரில், அதாவது சதை கெடாமல் காக்கிற ஃபார்மலினில், போட்டார்கள், முழுசாகப் போட்டார்களா கீறிப் போட்டார்களா, டப்பாவில் தண்ணீர் எவ்வளவு. கடைசி இரண்டுக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். முழுசாகத்தான் கிடந்தது, தண்ணீர் மேலே லேசாக மூடியிருந்தது என்றார். அந்த டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திரையைப் பார்க்கச் சொன்னார்.

திரை முழுக்க நீலப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு செல்லின் உட்கரு. ஏற்பி இருந்தால் அந்தப் புள்ளி பழுப்பாகும் என்றார். கட்டி முழுவதும் நீலம்தான். சரி, நெகட்டிவ்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடை மெல்ல நகர்த்தி, கட்டியைத் தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தினார். பால் குழாய் ஒன்று குறுக்கே வெட்டுப்பட்டு வளையமாகக் கிடந்தது. அதைச் சுற்றி ஒழுங்காக அடுக்கிய செல்கள். "இதில் நோய் இல்லை. நார்மல் குழாய். எந்தப் பெண்ணுக்கும் இதில் அங்கங்கே பழுப்பு வரணும். இதிலும் ஒன்றுகூட வரலை, பார்த்தீங்களா?" என்றார். பார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பழுப்பு இல்லை. "நல்ல குழாயிலேயே பிடிக்காத நிறம் கட்டியில் எப்படிப் பிடிக்கும்? இதை நெகட்டிவ் என்று எழுதக் கூடாது. டெஸ்ட் நடக்கவில்லை என்று எழுதணும்."

எனக்கு அந்த நிமிஷத்தில் கோபம்கூட வரவில்லை. அந்த நீல வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் இருந்தவர்களும் இதே ஸ்லைடைத்தான் பார்த்திருப்பார்கள். கட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்துக் குழாயைப் பார்க்காமல் போனால் தாளில் இப்படித்தான் வரும். இன்னொன்றும் அவர் சொன்னார். கிரேடு 1 கட்டி, அதாவது நார்மல் செல்லின் சாயல் இன்னும் போகாத கட்டி, பெரும்பாலும் ஏற்பி உள்ளதாகத்தான் இருக்கும். 58 வயது, கிரேடு 1, ட்ரிப்பிள் நெகட்டிவ் என்று ஒரே தாளில் வந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

காரணம் டப்பாவுக்குள் இருந்தது. ஃபார்மலின் சதைக்குள் இறங்குவது மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். கொழுப்பு நிறைந்த மார்பை முழுசாகப் போட்டால் நடுவில் உள்ள கட்டிக்கு அது போய்ச் சேருவதற்குள் ஏற்பி சிதைந்துவிடும். வெளியே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கீறி, சதையைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட வேண்டும். அதற்குப் பிறகு 6 மணி முதல் 72 மணி வரை ஊறலாம். அண்ணன் அன்றுவரை விறகுப்புரையை நினைத்து நினைத்து உருகிக்கொண்டிருந்தார், திருவிழாவுக்கு முந்தின நாள் ஆபரேஷன் வைத்திருக்கக் கூடாது என்று. கணக்குப் பார்த்தால் அவர் வைத்திருந்த நேரம் 72க்குள் அடங்குகிறது. கேடு அவர் கைக்கு டப்பா வருவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. போனில் விளக்கிச் சொன்னேன். ரப்பர்க்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப பாலை ஊத்தி, மேலாப்புல ஆசிட்ட விட்டுட்டு இளக்காம வச்ச கணக்குதான். அடியில கெடக்க பால் கெட்டுத்தான போவும்." அதற்கு மேல் விளக்க எனக்கும் எதுவும் இல்லை.

மறுசோதனைக்கு அந்த டாக்டர் இரண்டு பிளாக் தேர்ந்தெடுத்தார். ஒன்று கட்டியின் ஓரம். மற்றது அக்குளில் நோய் பரவிய அந்த நெறி, சின்னது என்பதால் ஃபார்மலின் உள்ளே இறங்கியிருக்கும். இரண்டிலும் இ.ஆர். பாசிட்டிவ். நெறியில் 90 சதவீதம், அடர்ந்த நிறம். ஓரத்துப் பிளாக்கில் நல்ல குழாய்களும் பழுப்பாகியிருந்தன. 2010இலிருந்து 1 சதவீதம் செல்களில் நிறம் வந்தாலே பாசிட்டிவ் என்பது வழக்கம். 2020இல் 1 முதல் 10 வரையுள்ளதைக் குறைந்த பாசிட்டிவ் என்று தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். மைனிக்கு 90. இந்த 90தான் முதல் தாளில் 'நெகட்டிவ்' என்று வந்திருந்தது.

இது நம் ஊர் அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், பலர் என்னிடம் சொன்னார்கள். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை இதே சோதனையில் இதே மாதிரி தவறு நடந்தது. நெகட்டிவ் என்று சொன்ன ஒருவருக்கு மறுபடி சோதித்தபோது பாசிட்டிவ் வர, பழைய பிளாக்குகளை எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஆயிரம் பேர் அளவில் மறுசோதனை செய்ததில் 380க்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் முடிவு தப்பு. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை வைத்து 2009இல் அறிக்கை வந்தது. அங்கே தப்பு வெளியே வந்தது பிளாக்குகள் பத்திரமாக இருந்ததாலும், யாரோ ஒருவர் சந்தேகப்பட்டதாலும்தான். இங்கே மெடிக்கல் கேம்ப் மேடையில் "நம்ம பெண்களுக்கு ட்ரிப்பிள் நெகட்டிவ் கூடுதல்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இப்போதெல்லாம் அந்த நீல வளையம் ஞாபகம் வருகிறது. இந்தியாவில் அந்த வகை மேலைநாடுகளைவிடக் கூடுதல் என்பதும், நம் பெண்களுக்கு இளவயதிலேயே நோய் வருவது அதற்கு ஒரு காரணம் என்பதும் உண்மை. ஆனால் அதில் எத்தனை உடம்பில் உண்டானது, எத்தனை டப்பாவில் உண்டானது? நம் பேத்தாலஜி டாக்டர்களே இதை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தியேட்டர் வாசலில் நிற்கிறவர்களுக்கு அது வந்து சேரவில்லை.

மறுசோதனையால் மைனிக்குக் கீமோ தப்பவில்லை. நெறியில் பரவியிருந்ததால் வேண்டும் என்றார்கள், முடி கொட்டியது, வாய் புண்ணானது, எல்லாம் பட்டாள். ஆனால் கீமோ முடிந்ததும் "இனி ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று அனுப்பாமல் லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தார்கள், தினம் ஒன்று, ஐந்து வருஷத்துக்கு. அதை வாங்கி வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "தீட்டு நின்னு பத்து வருசம் ஆச்சு. எனக்க உடம்புல இனி என்னத்த ஹார்மோன் மக்ளே?" நியாயமான கேள்வி, நானும் டாக்டரிடம் கேட்டேன். சினைப்பை ஓய்ந்த பிறகும் உடம்பின் கொழுப்பில் அரோமட்டேஸ் என்ற நொதி வேறு ஹார்மோன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல் அந்த நொதியை அடைக்கிறது. தீட்டு நிற்காத பெண்களுக்கு இதை மட்டும் தனியாகக் கொடுத்துப் பயனில்லை, அங்கே டாமோக்சிபென்.

அடைத்தால் அதற்கும் விலை உண்டு. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கவில்லை என்கிறாள். தேங்காய் திருவ உட்கார்ந்தால் பாதியில் திருவலை என் பக்கம் தள்ளிவிடுகிறாள். எலும்பு தேயும் என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை வேறு. "கேன்சர் போயிடிச்சு, கைதான் போவுது, இத நிறுத்தினா என்ன?" என்று மாதம் ஒரு தடவையாவது சண்டை. வலிக்குப் பயந்து மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்று டாக்டர் முன்கூட்டியே எங்களை எச்சரித்திருந்தார். தாங்கவில்லையென்றால் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், வந்து சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள் என்றார். இன்னும் மாற்றவில்லை. வெந்நீரில் கையை முக்கிவைத்துவிட்டு, அடுப்படிக்குப் போகிறாள்.

கீறுவது யார்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, நாற்பதைத் தாண்டவில்லை, போன மாதம் கட்டி தெரிந்தது. அவள் வீட்டுக்காரர் அண்ணனிடம் வந்து விசாரிக்க, அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார், டப்பா விஷயத்தைப் பேச. எடுத்த உடனே கீறிப் போடுவீர்களா என்று கேட்டதற்கு, கண்டபடி கீறினால் கட்டியின் ஓரம் எது, முழுசாக எடுத்தாகிவிட்டதா என்று லேபில் பார்க்க முடியாது, மை தடவி முறையாக வெட்டுவது அவர்கள் வேலை என்றார் சர்ஜன். லேபில் கேட்டால், எங்களிடம் வந்து சேரும்போதே நாலு மணி நேரம் ஆகிவிடுகிறது, நாங்கள் என்ன செய்ய என்றார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் பொய் இல்லை. லேப் ஒரே கட்டடத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் பல இடங்களில் நடுவே ஒரு ஸ்கூட்டரும் சொந்தக்காரர் ஒருவரும் இருக்கிறார்கள்.

இதைச் சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே தடித்த ஊசியால் கட்டியிலிருந்து மெல்லிய துண்டுகள் எடுத்து அதில் ஏற்பி பார்த்துவிடுவது. துண்டு மெலிசு, ஃபார்மலின் உடனே உள்ளே இறங்கும். மைனிக்கு இதைச் செய்யவில்லை, மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததோடு சரி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதைச் செய்யலாமா என்று அண்ணன் கேட்டார். சர்ஜன் கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு அதுவும் நல்லதுதான் என்று எழுதிக் கொடுத்தார்.

ரிப்போர்ட் நேற்று முன்தினம் வந்தது. இ.ஆர். 0, பி.ஆர். 0. நான் முதலில் தேடியது அதற்குக் கீழே உள்ள வரியை. துண்டில் நல்ல குழாய் ஒன்றும் மாட்டியிருந்தது, அது பழுப்பாகியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் இவளுக்கு நிஜமாகவே ஏற்பி இல்லை. ஹெர்-2 மட்டும் 3+, அதாவது பாசிட்டிவ். அதற்கு டிராஸ்டூசுமாப் என்ற ஊசி உண்டு, 2014இலிருந்து இந்தியக் கம்பெனிகளும் விற்பதால் விலை முன்புபோல எட்டாத உயரத்தில் இல்லை. கீமோவும் அந்த ஊசியும் முதலில், ஆபரேஷன் பிறகு என்று வரிசை மாறியிருக்கிறது. இன்சூரன்ஸ் அட்டையில் அவள் பேரில் எழுத்துப்பிழை இருக்கிறதாம், அதைத் திருத்த அண்ணன் இன்று கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறார்.